பாட்டைப் பிரித்துக் கேட்போம்

(திருப்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆம்பூர் பக்கம் ஷிஃப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையைப் பெரியவர்களுக்குக்கூட விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவிகளே!

அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, "கொரியாக்காரன் பாட்டைப் பத்தித் திருப்பத்தூர்ல பேச என்னங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம், காட்பாடி வரை போனால் போதும். 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து எட்டாம் வகுப்புச் சிறுமிகள் மூன்று பேர், பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவைப் பார்க்க வேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிக் கொரியா போவது திட்டம். கையில் 14,000 ரூபாய். சென்னை வரை போய், முடியாது என்று தெரிந்து, திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸ் அவர்களைப் பார்த்து மீட்டது. நம் ஜோலார்பேட்டை லைனில் நடந்த சம்பவம் இது.

செய்தி வந்ததும் ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. "செல்போனைப் பிடுங்கணும், பசங்க கெட்டுப்போச்சு" என்றது ஒரு பக்கம். "பாவம், அவ்வளவு பாசம்" என்றது இன்னொரு பக்கம். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "அந்தப் பாட்டுல உனக்கு என்னம்மா பிடிச்சிருக்கு? குரலா, ஆட்டமா, வார்த்தையா?" இப்படி ஒரு கேள்வியை வீட்டிலேயோ பள்ளியிலேயோ ஒருவர் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் தங்கள் ரசனையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பேசப் பழகிய ரசனை கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். பாட்டை விமர்சிப்பது அதற்கு நாம் தரும் மரியாதை. வியூஸ் எண்ணுகிற ரசிகரும் பாட்டைக் கேட்பதில்லை, முகம் சுளிக்கிற பெரியவரும் கேட்பதில்லை. இருவரும் கேட்க ஆரம்பித்தால் இருவருக்குமே பேச விஷயம் கிடைக்கும்.

பாட்டு விமர்சனம் தமிழுக்குப் புதிதல்ல. 1930களில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். வித்வான் எவ்வளவு பெரியவரானாலும், கச்சேரியில் தூக்கம் வந்தால் தூக்கம் வந்தது என்றே எழுதுகிற தைரியம் அதில் இருந்தது. பின்னால் இசை விமர்சகர் சுப்புடு வந்தார். அவர் பேனாவுக்குப் பயப்படாத மேடை கிடையாது. ஆனால் இந்த வழக்கம் சபா வாசலோடு நின்றுவிட்டது. திரைப்பாட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வரலாறு எழுதினார்கள், நினைவுகள் எழுதினார்கள். நேற்று வந்த பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இது தேறுமா தேறாதா, ஏன், என்று பேசியவர்கள் குறைவு. பாப் பாட்டுக்கு அதுவும் இல்லை. 'தெறி', 'மொக்கை' என்ற இரண்டு வார்த்தைகளில் நம் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

ஆனால் சபாவுக்கு வெளியே நமக்கு இன்னொரு விமர்சன மரபு உண்டு. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள், காலையில் டீக்கடையில் என்ன பேசுவார்கள்? "அர்ச்சுனனுக்குக் குரல் நின்னுச்சுப்பா, அடவுதான் சொதப்பல்." "துரியோதனன் புஜக்கட்டை கட்டி வந்து நின்ன தோரணை பிரமாதம். ஆனா கிறிக்கி அடிச்சுச் சுத்தும்போது மூச்சு வாங்குது." "பின்பாட்டுக்காரன் காப்பாத்திட்டான், இல்லேன்னா கர்ண மோட்சம் கரை சேர்ந்திருக்காது." கவனியுங்கள். குரல் தனி, அடவு தனி, வேஷம் தனி, பின்பாட்டு தனி. மொத்தமாக நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று அவர்கள் விடுவதில்லை. பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வருஷா வருஷம் களரியில் உட்கார்ந்து பழகிய பழக்கம்.

அந்தப் பழக்கத்தைத்தான் செல்போனில் வரும் பாட்டு வீடியோவுக்கும் கொண்டுவரச் சொல்கிறேன். மூன்றாகப் பிரியுங்கள். காதுக்கு வருவது என்ன? கண்ணுக்கு வருவது என்ன? இரண்டையும் செய்தது யார் கை? முதலில் போனைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்புறம் வீடியோவுக்குக் கீழே இருக்கும் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள்.

இரண்டு பேர் பாடும் குழுக்களை எடுத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். ஏழு பேர், ஒன்பது பேர் இருந்தால் யார் எதைப் பாடினார் என்று பிரிக்கவே நேரம் போய்விடும். இருவர் என்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. கொரியாவிலிருந்து இரண்டு ஜோடி, நம் ஊரிலிருந்து இரண்டு ஜோடி எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஜோடி யூன்ஹோ, சாங்மின். குழுவின் பெயர் டிவிஎக்ஸ்க்யூ. 2003 டிசம்பர் 26-இல் ஐந்து பேராக மேடையேறியவர்கள். 2009 ஜூலையில் அவர்களில் மூன்று பேர் தங்கள் கம்பெனியான எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் மீது வழக்குப் போட்டார்கள். 13 ஆண்டு ஒப்பந்தம் என்பது அடிமை ஒப்பந்தம் என்பது அவர்கள் வாதம். மூவரும் வெளியேற, மீதி இருவர் அதே பெயரில் 2011 ஜனவரியில் 'கீப் யுவர் ஹெட் டவுன்' என்ற பாட்டோடு திரும்பி வந்தார்கள். தலையைக் குனி என்று தலைப்பு. போனவர்களைப் பார்த்துச் சொன்னது என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சண்டையை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். ஐந்து குரல் அடுக்கி நின்ற இடத்தில் இப்போது இரண்டு. அந்தக் காலி இடத்தை எப்படி நிரப்புவது? பாட்டைப் போட்டவர் யூ யோங்ஜின், கம்பெனியின் பழைய இசையமைப்பாளர். அவர் காலி இடம் தெரியவே கூடாது என்று முடிவு செய்திருக்கிறார். தாளம் இடி மாதிரி விழுகிறது. பல்லவியில் குரலுக்கு மேல் குரலை அடுக்கி ஒரு கூட்டமே பாடுவதுபோல் ஆக்கியிருக்கிறார். சாங்மின் உச்சத்துக்குப் போய்க் கத்தும் இடம் ஒன்று உண்டு, உடம்பு சிலிர்க்கும். ஆனால் பாட்டு முடிந்த பிறகு யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு குரலும் எப்படிப்பட்டவை என்று நமக்குத் தெரிந்ததா? யூன்ஹோவின் குரல் கனமானது, கொஞ்சம் கரகரப்பு. சாங்மினுடையது மெலிந்து மேலே ஏறுவது. இந்த வித்தியாசம்தான் அந்த ஜோடியின் சொத்து. அதை இந்தப் பாட்டு சத்தத்துக்கு அடியில் புதைத்துவிட்டது. நாங்கள் இன்னும் பெரியவர்கள்தான் என்று நிரூபிக்கிற அவசரம் பாட்டில் கேட்கிறது.

அதே இசையமைப்பாளர், அதே இருவர், மூன்று வருஷம் கழித்து 2014 ஜனவரியில் 'சம்திங்' என்று ஒரு பாட்டு. பழைய அமெரிக்க ஸ்விங் ஜாஸ் பாணி. அடியில் பேஸ் நரம்பு நிதானமாக நடந்துபோகிறது, மேலே பித்தளைக் கருவிகள் இடையிடையே வந்து ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகின்றன. நடுவில் குரலுக்கு இடம் இருக்கிறது. யூன்ஹோ ஒரு வரியைத் தாழப் பாடிவிட்டு விலக, சாங்மின் மேலிருந்து அதை வாங்கிக்கொள்கிறார். இருவர் பாடுகிறார்கள் என்பது இங்கேதான் காதில் விழுகிறது. முதல் பாட்டில் இல்லாததை மறைத்தார்கள், இதில் இருப்பதைக் காட்டினார்கள். எனக்கு 'சம்திங்'தான் மேலான பாட்டு. உங்களுக்கு மற்றது பிடித்தால் தாராளமாகப் பிடிக்கட்டும், காரணத்தைச் சொல்லுங்கள்.

இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். 'சம்திங்' ஆட்டத்தில் கயிறு வருகிறது. பின்னால் ஆடுபவர்கள் இழுத்துப் பிடிக்க, அந்தக் கயிறு ஒரு இசைக்கருவியின் நரம்பு மாதிரி ஆட்டத்துக்குள் வேலை செய்கிறது. காதில் கேட்ட பேஸ் நரம்பு கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. இதுதான் நல்ல வீடியோவுக்கு அடையாளம்: பாட்டுக்குள் இருப்பதையே படம் வெளியே எடுத்துக் காட்டும். 2012-இல் வந்த 'கேட்ச் மீ'யில், முன்னால் நிற்பவருக்குப் பின்னால் மற்றவர்கள் ஒளிந்து நின்று கைகளை விரிக்க, ஒரே உடம்புக்குப் பல கை முளைக்கும். கோயில் சுதைச் சிற்பம் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. பார்க்க அழகுதான். ஆனால் பாட்டுக்கும் அந்தக் கைகளுக்கும் என்ன உறவு என்று கேட்டால், கயிற்றுக்குக் கிடைத்தது போன்ற தெளிவான பதில் கிடைப்பதில்லை.

கண் விஷயத்தில் கொரியக் கம்பெனிகள் ஒரு நல்ல காரியம் செய்கின்றன. மெயின் வீடியோ வந்த சில நாளில் ஆட்டப் பயிற்சி வீடியோ ஒன்றைத் தனியாக விடுவார்கள். ஒரு காலி அறை, ஒரே கேமரா, வெட்டு கிடையாது, தலை முதல் கால் வரை தெரியும். மெயின் வீடியோவில் நொடிக்கொரு ஷாட் மாறும், ஆட்டம் தெரிந்ததா எடிட்டிங் தெரிந்ததா என்று நமக்கே தெரியாது. பயிற்சி வீடியோவைப் பார்த்தால் யாருக்கு உண்மையிலேயே அடவு வருகிறது என்பது அம்பலமாகிவிடும். மாணவிகளே, உங்களுக்குப் பிடித்த குழுவை முதலில் அங்கே பாருங்கள். நம் சினிமாக்காரர்களும் இப்படி விட ஆரம்பித்தால் சில பேருக்குச் சங்கடம்தான்.

2023 டிசம்பர் 26-இல், சரியாக இருபது வருஷம் நிறைந்த நாளில், இந்த ஜோடி ஒரு ஆல்பம் வெளியிட்டது. தலைப்புப் பாட்டு 'ரெபல்'. கலகக்காரன் என்று பெயர். கம்பெனியை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் வெளியே போனவர்கள், உள்ளேயே இருந்தவர்கள் இருபது வருஷம் கழித்துக் கலகக்காரன் என்று பாடுகிறார்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கே-பாப் எனும் கொரிய பாப் உலகில் இருபது வருஷம் மேடையில் நிற்பது பெரிய சாதனை, அந்தக் கட்டுடல் ஆட்டத்தை நாற்பதை நெருங்கும் வயதில் ஆடுவது அதைவிடப் பெரிது. ஆனால் பாட்டு எதை எதிர்த்துக் கலகம் செய்கிறது என்று தேடினால் எதிராளி யாரும் தென்படவில்லை. தோரணை இருக்கிறது. சண்டைக்கான காரணம் இல்லை.

இரண்டாவது ஜோடி இதற்கு நேர் எதிர். அண்ணன் லீ சான்ஹ்யோக், தங்கை லீ சூஹ்யோன். ஜோடியின் பெயர் ஆக்மு. பெற்றோர் மிஷனரிகள், பிள்ளைகள் மங்கோலியாவில் வளர்ந்தவர்கள். 2013-இல் ஒரு டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்து, 2014 ஏப்ரலில் முதல் ஆல்பம் வெளியிட்டார்கள். அப்போது தங்கைக்குப் பதினான்கு வயது. பாட்டெழுதுவது, மெட்டுப் போடுவது பெரும்பாலும் அண்ணன்.

அந்த முதல் ஆல்பத்தில் 'மெல்டட்' என்று ஒரு பாட்டு. பெரியவர்களை உறைந்துபோன பனிக்கட்டிகளாகப் பார்க்கிற சிறு பிள்ளையின் பாட்டு. ஏன் இவர்கள் இவ்வளவு சில்லென்று இருக்கிறார்கள், உருகினால் என்ன, என்கிற ஆதங்கம். பதின்வயதுப் பையன் எழுதியது. கோபமாக எழுதியிருக்கலாம், புத்திமதியாக எழுதியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் கேள்வியாக எழுதினான். இசையும் அதற்கேற்ப ஒதுங்கி நிற்கிறது. தங்கையின் குரல் அலங்காரம் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

2023 ஆகஸ்டில் இவர்களுடைய 'லவ் லீ' வந்து கொரியா முழுக்க ஓடியது. கிட்டார் துள்ளல், வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி. வீட்டில் யாராவது ஒருவர் முணுமுணுத்தால் சாயந்திரத்துக்குள் எல்லோரும் முணுமுணுப்பார்கள். குறை சொல்ல என்ன இருக்கிறது? இருக்கிறது. இதே துள்ளலை இவர்கள் 2014-லேயே '200%' என்ற பாட்டில் செய்துவிட்டார்கள். நடுவில் 2019-இல் பிரிவைப் பற்றி நீளமான, மெதுவான ஒரு பாட்டுப் பாடி, தாங்கள் வளர்ந்துவிட்டதைக் காட்டினார்கள். அங்கிருந்து 'லவ் லீ'க்கு வந்தது பழைய வீட்டுக்குத் திரும்பியது மாதிரி. சுகமான வீடுதான். ஆனால் 'மெல்டட்' எழுதிய கைக்கு அது கொஞ்சம் குறைந்த வேலை. அடுத்த வருஷம் 2024-இல் 'ஹீரோ'வில் அந்தக் கை மறுபடி ஆழத்துக்குப் போக முயன்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குள் ஒரு தம்பி கையைத் தூக்கிவிட்டார். "சார், பாஷை தெரியாம எப்படி விமர்சனம் பண்றது?" என்கிறார். நல்ல கேள்வி. நாம் சபாவில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்குக் கீர்த்தனை கேட்டுத் தலையாட்டியவர்கள். தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டும் என்று இயக்கம் நடத்தி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. அந்த இயக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் கல்கியும் ஒருவர். ஆகவே புரியாத பாஷையில் பாட்டு கேட்பது இன்றைய பிள்ளைகள் ஆரம்பித்த கெட்ட பழக்கம் என்று பெரியவர்கள் சொல்ல முடியாது. அதே சமயம், வார்த்தையைப் பற்றித் தீர்ப்பு சொல்வதானால் வார்த்தையைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துப் படியுங்கள். அதுவரை குரலையும் தாளத்தையும் ஆட்டத்தையும் பற்றிப் பேசுங்கள், அதற்குப் பாஷை தேவையில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' ஸ்டுடியோவில் பாடுகிற வீடியோவாக வந்து உலகம் சுற்றியது. அடுத்த ஜூலையில் கொரியாவிலிருந்து 'கங்னம் ஸ்டைல்' வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் யூடியூபில் நூறு கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ ஆனது. எட்டு மாத இடைவெளி. அதன்பின் கொரியா பாப் பாட்டை ஒரு தொழிலாக வளர்த்துக்கொண்டே போனது. நாம் சினிமாவுக்குள் திரும்பிவிட்டோம். 'ரௌடி பேபி' நூறு கோடியைத் தாண்டியது என்றாலும் அது சினிமாப் பாட்டு. சினிமாவுக்கு வெளியே இங்கே ஒரு பாட்டு ஊரையே ஆட்டிவைத்தது 2021 மார்ச் 7-இல்தான். 'எஞ்சாய் எஞ்சாமி'. நம் மூன்றாவது ஜோடி இவர்கள்தான்: 'ரௌடி பேபி'யில் தனுஷோடு பாடிய அதே தீ, கூட அறிவு. தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன், வீடியோவை இயக்கியவர் அமித் கிருஷ்ணன்.

அறிவு அரக்கோணத்துக்காரர். 2019 நவம்பரில் மாவட்டம் பிரியும்வரை அரக்கோணமும் திருப்பத்தூரும் ஒரே வேலூர் மாவட்டம். அவருடைய குடும்பத்துப் பெரியவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்தவர்கள், சொந்த நிலம் இல்லாதவர்கள். பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளிலிருந்தே பாட்டு பிறந்தது என்று அறிவு சொல்லியிருக்கிறார். பாட்டி வீடியோவிலும் வருகிறார்.

போனைக் கவிழ்த்து வைத்துக் கேளுங்கள். தீயின் குரல் வழுக்கிக்கொண்டு போகும் குரல், ஆஸ்திரேலியாவில் வளர்ந்த உச்சரிப்பின் லேசான நெளிவு அதில் உண்டு. அறிவின் குரல் கொட்டுகிற குரல், வட ஆற்காட்டு வாய். நிலமும் நீரும் எல்லா உயிருக்கும் பொது என்று அவர் அடுக்கிக்கொண்டு போகையில் கால் தானாக ஆடுகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு ஒப்பாரிக்குள் இறங்குகிறது. மரம் வளர்த்தவளுக்கு, தோட்டம் போட்டவளுக்கு, கடைசியில் என்ன மிஞ்சியது என்ற கணக்கு அங்கே வருகிறது. சாவு வீட்டில் பெண்கள் கணக்குப் பார்ப்பதே ஒப்பாரியில்தானே? யார் என்ன செய்தார்கள், யார் என்ன தரவில்லை என்பதையெல்லாம் பாட்டாகவே சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கை டான்ஸ் தாளத்தில் ஏற்றியதுதான் இந்தப் பாட்டின் துணிச்சல்.

குறையும் அங்கேதான். கல்யாண மண்டபத்தில், கோயில் திருவிழா ஸ்பீக்கரில், கல்லூரி ஆண்டு விழாவில் இந்தப் பாட்டு ஓடியபோது துள்ளல் பகுதிதான் ஓடியது. ஒப்பாரி வருவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார்கள். அது பாட்டின் குற்றமா, கேட்டவர் குற்றமா? பாதிக்குப் பாதி என்பேன். பல்லவியை அவ்வளவு இனிப்பாகச் செய்தால், கசப்பு இருக்கும் இடம்வரை ஜனங்கள் வர மாட்டார்கள். வீடியோவிலும் அதே சிக்கல். பசுமையும் வண்ண உடைகளும் கண்ணைப் பறிக்கின்றன. பாட்டியின் முகத்தில் கேமரா இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: செய்த கை யாருடையது? இதில்தான் பாட்டு பெரிய வம்பில் மாட்டியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், வேறொரு ராப் பாடகர் இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28-இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் இந்தப் பாட்டு. தீயும் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாளில் அவர் எழுதிய பதிவில், மெட்டும் வரிகளும் தன் உழைப்பு என்றார். இது மூவரும் சேர்ந்து செய்தது, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சில் அவரே, வெளியிட்ட மாஜா நிறுவனத்திடமிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வீடியோ போட்டார். நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல இது கோர்ட் அல்ல. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடித் தோழர்களுக்கு இது சொல்லாமலே புரியும். இங்கே நீங்கள் அப்பர் தைத்து, சோல் ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்பும் ஷூவில் ஐரோப்பியக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும். வாங்கிப் போடுகிறவருக்குத் தைத்த கை எந்த ஊர்க் கை என்று தெரியாது. பாட்டிலும் அதேதான் நடக்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. ஷூவில் தைத்தவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. பாட்டில் பெயர் போடும் வழக்கம் இருந்தும், அட்டையிலும் மேடையிலும் அது நழுவிவிடுகிறது. நழுவும் பெயர் எந்தத் தெருவிலிருந்து வந்த பெயர் என்று பார்த்தால், பெரும்பாலும் அது ஊருக்கு வெளியே இருக்கும் தெருவாகவே இருக்கிறது. ரஞ்சித் கேட்டதன் சாரமும் இதுதான்.

கொரியாவில் டிவிஎக்ஸ்க்யூவிலிருந்து வெளியேறிய மூவர் வழக்குப் போட்ட அதே 2009-இல் ஒரு மாற்றம் வந்தது. அரசின் நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்து, பாடகரைக் கம்பெனி கட்டிவைக்கும் காலத்தை ஏழு ஆண்டுக்குள் நிறுத்தியது. இன்றைக்கும் கே-பாப் குழு ஏழாம் வருஷத்தை நெருங்கினால் ரசிகர்கள் கலங்குவதற்கு அதுதான் காரணம். அங்கே ஒப்பந்தப் பிரச்சினைக்கு ஒரு விதி பிறந்தது. இங்கே ட்விட்டரில் இரண்டு வாரம் சண்டை நடந்தது, அப்புறம் எல்லோரும் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். நம் ரசிகர்கள் கொரியாவிடமிருந்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். இந்த ஒப்பந்த விஷயத்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

கடைசி ஜோடியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஹிப்ஹாப் தமிழா என்ற ஆதியும் ஜீவாவும். மலேசியாவில் யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தில் போட்ட பாதையைத் தமிழ்நாட்டில் அகலப்படுத்தியவர்கள் இவர்கள். கல்லூரிப் பையன் பேசுகிற தமிழையே தாளத்தில் வைக்க முடியும் என்று காட்டினார்கள். அந்தப் புகழ் அவர்களுக்கே உரியது. ஆனால் அவர்களைப் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல' பாட்டு என்ன செய்கிறது? கிளப்புக்குப் போகிற பெண்ணின் குடியையும் உடையையும் பார்த்து வருத்தப்படுகிறது, தமிழ்ப் பண்பாடு போச்சு என்கிறது. அதே கிளப்பில் அதே மப்பில் இருக்கும் பையனைப் பற்றிப் பெரிதாக வருத்தம் இல்லை. தாளம் புதுசு, உள்ளே இருக்கும் தாத்தா பழசு. இதைக் காதால் மட்டும் கேட்டால் தெரியாது, வார்த்தையை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பாஷை புரிந்த பாட்டிலேயே நாம் வார்த்தையைக் கவனிப்பதில்லை என்றால், பாஷை புரியாத பாட்டை ரசிக்கும் பிள்ளையை மட்டும் திட்டுவதில் என்ன அர்த்தம்?

ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் குழுவின் புதுப் பாட்டு வந்த அன்று, 24 மணி நேரத்தில் எத்தனை கோடி என்று ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, போனை ஓரமாகப் போட்டு, பாட்டு தானாக ஓடுகிறது. நீங்கள் கேட்கவில்லை. அது கம்பெனிக்கு நீங்கள் பார்க்கும் சம்பளமில்லாத ஓவர்டைம். உங்கள் ஜோடி சுமாரான பாட்டு போட்டால் சுமார் என்று சொல்லுங்கள். அடுத்த பாட்டை நன்றாகப் போட அவர்களுக்கு இருக்கும் ஒரே தூண்டுதல் அதுதான்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பேத்தி கொரியப் பாட்டு போட்டால் எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கப் பாருங்கள். அப்புறம் கூத்து பார்த்த மறுநாள் டீக்கடையில் பேசுவீர்களே, அந்த மாதிரி பேசுங்கள்: குரல் எப்படி, அடவு எப்படி, வேஷம் எப்படி. "அந்தப் பையன் சுத்துறப்போ மூச்சு வாங்குது பாரு" என்று நீங்கள் சொன்னால், பேத்தி முதலில் சண்டைக்கு வருவாள். பிறகு ரீவைண்ட் செய்து பார்ப்பாள். அங்கே ஒரு விமர்சகர் உருவாகிறார்.

என் தீர்ப்புகளைச் சொல்லிவிட்டேன். 'சம்திங்' நல்ல பாட்டு, 'ரெபல்' தோரணை. 'மெல்டட்' ஆழம், 'லவ் லீ' சுகம். 'எஞ்சாமி' துணிச்சல், ஆனால் இனிப்பு தூக்கல். 'கிளப்புல மப்புல' புதுத் தாளத்தில் பழைய உபதேசம். இவற்றில் எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. மைக் இப்போது உங்கள் பக்கம் வருகிறது. திட்டுவதாக இருந்தாலும் திட்டுங்கள், எந்தப் பாட்டு, எந்த இடம், ஏன் என்று சொல்லித் திட்டுங்கள்.